டேஷ்போர்டில் எரியும் மஞ்சள் விளக்கு: காருக்கு டிபிஎம்எஸ் உண்மையிலேயே தேவையா?

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மதுரையில் ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு சென்னைக்குத் திரும்புகிறது ஒரு கார். உள்ளே ஐந்து பேர், டிக்கி நிறையப் பெட்டிகள். திருச்சி, பெரம்பலூர் தாண்டி உளுந்தூர்பேட்டையை நெருங்கும்போது டேஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் ஒரு விளக்கு எரிகிறது. குதிரை லாடம் மாதிரி ஒரு வடிவம், நடுவில் ஆச்சரியக்குறி.

“என்னங்க இது, புதுசா ஒரு லைட்டு?”

“ஏதாவது சென்சார் கோளாறா இருக்கும். நாளைக்கு சர்வீஸ்ல காட்டிக்கலாம்.”

வண்டி அதே 100 கி.மீ. வேகத்தில் போகிறது.

காட்சி கற்பனைதான். ஆனால் நெடுஞ்சாலையில் கார் ஓட்டும் பலருக்கும் இது புதிதாக இருக்காது. அந்த விளக்கின் பின்னால் இருப்பதுதான் டிபிஎம்எஸ் என்கிற டயர் காற்றழுத்தக் கண்காணிப்பு அமைப்பு. புது கார் வாங்கப் போனால், “இந்த வேரியன்ட்ல டிபிஎம்எஸ் வருது சார்” என்கிறார் ஷோரூம்காரர். பழைய காருக்கு ஆன்லைனில் தனி கிட் கிடைக்கிறது. இதற்குக் காசு கொடுப்பது பிரயோஜனமா, வீண் செலவா? அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரிந்தால் விடை தானாகக் கிடைத்துவிடும்.

காற்று குறைந்தால் அப்படி என்ன ஆகும்?

காரின் மொத்த எடையையும் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே இருக்கும் காற்று. அழுத்தம் குறையும்போது டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி வளைந்து நிமிரும். ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கினால் மடக்கிய இடம் சூடாகும் இல்லையா, அதே கதைதான். 100 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 800 முறைக்கு மேல் சுற்றுகிறது. அத்தனை முறையும் அது வளைந்தால், உள்ளே ரப்பர் அடுக்குகளுக்கும் எஃகு இழைகளுக்கும் இடையே சூடு ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் அடுக்குகள் பிரியும். வெளியில் நாம் அதை ‘டயர் வெடிச்சிருச்சு’ என்கிறோம்.

முழு லோடு, அதிக வேகம், கொதிக்கும் சாலை, குறைவான காற்று. இந்த நான்கும் ஒன்றாகச் சேர்வதுதான் ஆபத்து. நம் ஊரில் கோடை விடுமுறைப் பயணம் என்றாலே முதல் மூன்றும் சேர்ந்துதான் வருகின்றன. நம் கையில் மிச்சமிருப்பது காற்று மட்டும்தான்.

‘பார்த்தாலே தெரியுமே?’

தெரியாது. பழைய டயர்களில் காற்று குறைந்தால் கண்ணுக்குத் தெரியும். இன்றைய ரேடியல் டயர்கள் சரியான காற்றிலேயே கீழே கொஞ்சம் புடைத்துத்தான் இருக்கும். 33 பிஎஸ்ஐ உள்ள டயரையும் 25 பிஎஸ்ஐ உள்ள டயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் பலருக்கு வித்தியாசம் பிடிபடாது. காலால் உதைத்துப் பார்ப்பதிலும் பயனில்லை. முன்பெல்லாம் ஒரு பக்கம் காற்று குறைந்தால் ஸ்டீயரிங் இழுக்கும். பவர் ஸ்டீயரிங் வந்த பிறகு அந்த அறிகுறியும் மங்கிவிட்டது.

டியூப்லெஸ் டயர் வந்ததும் இன்னொரு மாற்றம் நடந்தது. டியூப் டயரில் ஆணி ஏறினால் சில நிமிடத்தில் காற்று இறங்கிவிடும். டியூப்லெஸ்ஸில் ஆணி அப்படியே செருகி நின்று, காற்றை மெதுவாகக் கசியவிடும். பஞ்சர் ஆனதே தெரியாமல் நாள்கணக்கில் ஓட்டுகிறோம். வசதிதான், ஆனால் குறைந்த காற்றில் டயர் நெடுநேரம் ஓடுவதற்கும் இதுவே காரணமாகிறது. பஞ்சரே இல்லாத நல்ல டயரும் மாதத்துக்கு ஒன்று முதல் இரண்டு பிஎஸ்ஐ வரை இழக்கும். நான்கு மாதம் கவனிக்காமல் விட்டால் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

விபத்துகள் கொண்டுவந்த சட்டம்

1986-ல் போர்ஷே 959 என்ற விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் காரில்தான் டயர் அழுத்தக் கண்காணிப்பு முதலில் வந்தது. பணக்காரர்களின் கூடுதல் வசதியாக இருந்த அதைக் கட்டாயம் ஆக்கியது ஒரு பெரும் சோகம்.

1990-களில் அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் எஸ்யுவிகள் அடுத்தடுத்துக் கவிழ்ந்தன. அவற்றில் இருந்த ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேல் அடுக்கு ஓடும்போதே பிரிந்துகொண்டது. 2000 ஆகஸ்ட்டில், சாலையில் இருந்த சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக நிறுவனம் அறிவித்தது. அந்த டயர்களோடு தொடர்புடைய விபத்துகளில் 270-க்கும் மேற்பட்டோர் இறந்ததாக அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு பதிவு செய்தது. டயர் தயாரிப்பில் குறையா, வண்டியின் வடிவமைப்பில் குறையா என்று இரு நிறுவனங்களும் மோதிக்கொண்டன. அந்தச் சண்டையில் காற்றழுத்தமும் ஒரு கட்சி. ஃபோர்டு பரிந்துரைத்தது 26 பிஎஸ்ஐ, ஃபயர்ஸ்டோன் சொன்னது 30. விபத்துகள் அதிகம் நடந்தவை டெக்சாஸ், ஃபுளோரிடா போன்ற வெயில் மாநிலங்கள்.

அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்கா ஒரு புதிய சட்டம் கொண்டுவந்தது. அதன்படி 2007 செப்டம்பர் முதல் அங்கு தயாராகும் எல்லாக் கார்களிலும் டிபிஎம்எஸ் கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல் விற்கும் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமானது. 2024 ஜூலை முதல் அங்கே புதிய லாரி, பஸ்களுக்கும் இது வந்துவிட்டது.

இந்தியாவில் என்ன நிலை?

இங்கே கார்களுக்கு டிபிஎம்எஸ் பொதுவான கட்டாயம் இல்லை. ஆனால் 2020 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் செய்தது. மூன்றரை டன் வரை எடையுள்ள வண்டிகளில் டியூப்லெஸ் டயர், பஞ்சர் ரிப்பேர் கிட், டிபிஎம்எஸ் ஆகிய மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி வைக்க வேண்டியதில்லை என்பதே அது. 2020 அக்டோபர் 1 முதல் இது அமலில் உள்ளது.

மின்சார கார்களில் பேட்டரிக்கும், சிஎன்ஜி கார்களில் சிலிண்டருக்கும் இடம் தேவை. ஸ்டெப்னி போனால் இடம் கிடைக்கும், எடையும் குறையும். நிறுவனங்களுக்கு லாபம்தான். ஆனால் ஓட்டுபவர் பக்கம் இருந்து பாருங்கள். ரிப்பேர் கிட்டில் உள்ள பசை, டயரின் தரையில் படும் பகுதியில் விழுந்த சிறிய ஓட்டையை மட்டும்தான் அடைக்கும். குறைந்த காற்றில் ஓடி பக்கச்சுவர் கிழிந்துவிட்டால் கிட்டால் ஒன்றும் செய்ய முடியாது, டோ வண்டிக்குத்தான் போன் போட வேண்டும். ஆக, ஸ்டெப்னி இல்லாத காரில் அந்த மஞ்சள் விளக்கை ஆடம்பரம் என்று ஒதுக்க முடியாது. ஸ்டெப்னிக்குப் பதிலாக நமக்குக் கிடைத்திருப்பதே அதுதான்.

இரண்டு வகை, இரண்டு குணம்

பிரோஷரில் டிபிஎம்எஸ் என்று போட்டிருந்தால், எந்த வகை என்று கேட்டுவிடுவது நல்லது.

நேரடி வகையில் ஒவ்வொரு சக்கரத்தின் உள்ளேயும், பெரும்பாலும் வால்வோடு சேர்த்து, ஒரு சென்சார் இருக்கும். அது அழுத்தத்தை அளந்து ரேடியோ அலை மூலம் காருக்கு அனுப்பும். பல கார்களில் எந்தச் சக்கரத்தில் எத்தனை பிஎஸ்ஐ என்று திரையிலேயே எண்ணாகப் பார்க்கலாம். குறை என்னவென்றால், சென்சாருக்குள் சீல் செய்யப்பட்ட பேட்டரி இருக்கிறது. ஐந்து முதல் பத்து ஆண்டுகளில் அது தீரும். பொதுவாக பேட்டரியை மட்டும் மாற்ற முடியாது, சென்சாரையே மாற்ற வேண்டும். டயர் கழற்றும்போது பஞ்சர் கடைக்காரரின் லீவர் பட்டால் உடையவும் கூடும். “அண்ணா, உள்ளே சென்சார் இருக்கு, பாத்து கழட்டுங்க” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மறைமுக வகையில் தனி சென்சார் கிடையாது. காற்று குறைந்த சக்கரத்தின் சுற்றளவு துளி குறையும், அதனால் மற்றவற்றைவிடச் சற்று வேகமாகச் சுற்றும். ஏபிஎஸ் பிரேக்குக்காக ஏற்கெனவே இருக்கும் சென்சார்களை வைத்தே கணினி அதைக் கண்டுபிடித்துவிடும். டாடா கார்களில் ஐடிபிஎம்எஸ் என்று குறிப்பிடுவது இந்த வகையைத்தான். செலவு குறைவு, பேட்டரித் தொல்லை இல்லை. ஆனால் எத்தனை பிஎஸ்ஐ என்று எண் காட்டாது. நான்கு டயரிலும் ஒரே அளவாகக் காற்று குறைந்தால் கண்டுபிடிக்கத் திணறலாம். நின்றுகொண்டிருக்கும் வண்டியில் எதுவும் சொல்லாது.

மறைமுக வகையில் கவனிக்க வேண்டிய முக்கியமான விஷயம் ரீசெட். காற்று நிரப்பிய பிறகு ரீசெட் பட்டனை அழுத்தினால், ‘இப்போது இருப்பதுதான் சரியான அளவு’ என்று அது கற்றுக்கொள்ளும். காற்று குறைவாக இருக்கும்போது, விளக்கை அணைப்பதற்காக மட்டும் அதை அழுத்தினால் தப்பான அளவே அதற்குச் சரியான அளவாகிவிடும். பிறகு அது எச்சரிக்காது. தப்பு கருவியுடையது அல்ல.

விளக்கு எரியவில்லை என்றால் எல்லாம் சரிதானா?

பலர் ஏமாறுவது இங்கேதான்.

அமெரிக்க விதிப்படி, பரிந்துரைத்த அளவைவிட 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும், அதற்கும் 20 நிமிடம் வரை அவகாசம் உண்டு. ஐரோப்பிய விதியில் இது சுமார் 20 சதவீதம். உங்கள் காருக்கு 33 பிஎஸ்ஐ என்று வைத்துக்கொள்வோம். 25 சதவீதம் குறைந்தால் ஏறத்தாழ 25 பிஎஸ்ஐ. அதாவது 32, 30, 28, 26 என்று இறங்கிக்கொண்டே வந்தாலும் விளக்கு பேசாமல் இருக்க முடியும். சில நிறுவனங்கள் முன்னதாகவே எச்சரிக்கும்படி வைத்திருக்கலாம். ஆனால் விதி கேட்கும் குறைந்தபட்சம் இவ்வளவுதான்.

சூடும் ஆட்டத்தைக் கலைக்கும். வெப்பநிலை 5 முதல் 6 டிகிரி செல்சியஸ் ஏறினால் அழுத்தம் சுமார் ஒரு பிஎஸ்ஐ ஏறும். ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓடிய டயரில் நான்கைந்து பிஎஸ்ஐ கூடுதலாகவே காட்டும். திரையில் 31 என்று பார்த்து ‘பரவாயில்லை’ என்று நினைப்பீர்கள். குளிர்ந்த பிறகு அதே டயரில் இருப்பது 27 ஆக இருக்கலாம். மார்கழி அதிகாலையில் விளக்கு எரிந்து, கொஞ்ச தூரம் ஓடியதும் தானாக அணைந்தால், ‘சரியாகிவிட்டது’ என்று அர்த்தமல்ல. காற்று எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று அர்த்தம்.

‘சம்மர்ல காத்து கம்மியா வைக்கணும் சார்’

பங்க்கிலும் பஞ்சர் கடையிலும் அடிக்கடி கேட்கும் அறிவுரை இது. வெயிலில் காற்று விரியும், அதனால் முன்கூட்டியே இரண்டு மூன்று பாயின்ட் குறைக்க வேண்டும் என்பது வாதம். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் தப்பு.

ஓடும்போது அழுத்தம் நான்கைந்து பிஎஸ்ஐ ஏறும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் கார் நிறுவனம் குளிர்ந்த டயருக்கான அளவைத் தருகிறது. நல்ல டயர் அந்த ஏற்றத்தை எளிதாகத் தாங்கும். காற்றைக் குறைத்தால் பக்கச்சுவர் அதிகம் வளையும், அதனால் சூடு இன்னும் கூடும். எந்தச் சூட்டுக்குப் பயந்து குறைத்தோமோ, அந்தச் சூட்டை நாமே வரவழைத்த மாதிரி. அதேபோல, ஓடிவந்த வண்டியை பங்க்கில் நிறுத்தி, 37 காட்டுகிறது என்று காற்றை இறக்குவதும் கூடாது. நைட்ரஜன் நிரப்பினால் பார்க்கவே வேண்டாம் என்பதும் சரியல்ல. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் இருக்கிறது.

சரியான அளவு எங்கே இருக்கிறது? ஓட்டுநர் கதவைத் திறந்தால், கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில். முழு லோடுக்குத் தனி அளவு கொடுத்திருப்பார்கள், குறிப்பாகப் பின் டயர்களுக்கு. ஐந்து பேரோடு ஊருக்குப் போகும்போது பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான். டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பது அதிகபட்ச அளவு, அதை வைக்கக் கூடாது.

உண்மையில் பலன் இருக்கிறதா?

அமெரிக்க சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2012-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை சொல்கிறது. டயர் அழுத்தம் 25 சதவீதத்துக்கு மேல் குறைந்த நிலையில் ஒரு கார் ஓடும் வாய்ப்பை டிபிஎம்எஸ் 55.6 சதவீதம் குறைக்கிறது. பாதிக்கும் மேல். ஒரு சிறிய விளக்குக்கு இது பெரிய வெற்றி. ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. டிபிஎம்எஸ் இருந்தும் மிகக் குறைந்த காற்றோடு கணிசமான கார்கள் ஓடிக்கொண்டிருந்தன. வண்டி பழசாக ஆக இந்தப் பலனும் குறைந்தது.

பணக் கணக்கையும் பார்த்துவிடலாம். நான்கு டயரிலும் சராசரியாக ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. மாதம் 1,000 கி.மீ. ஓட்டுகிறீர்கள், மைலேஜ் 15, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் செலவு சுமார் 6,700 ரூபாய். ஆறு பிஎஸ்ஐ குறைவாக ஓட்டினால் கூடுதல் செலவு மாதம் 80 ரூபாய்தான். பெட்ரோல் மிச்சத்தை மட்டும் நம்பி கிட் வாங்கினால் போட்ட காசு திரும்ப நாளாகும். உண்மையான மிச்சம் டயரில்தான். பஞ்சரான டயரை முதல் சில கிலோமீட்டரிலேயே நிறுத்திவிட்டால் செலவு ஒரு பஞ்சர் கூலி. தெரியாமல் ஓட்டி பக்கச்சுவர் நசுங்கினால் புது டயர், அதாவது பல ஆயிரம் ரூபாய். அதிவேகத்தில் அது வெடித்தால் ஆகும் இழப்பை ரூபாயில் சொல்ல முடியாது.

டிபிஎம்எஸ்ஸுக்குத் தெரியாதவையும் உண்டு. டயர் தேய்ந்திருப்பதோ, வயதாகி வெடிப்பு விட்டிருப்பதோ அதற்குத் தெரியாது. பள்ளத்தில் அடிபட்டு நொடியில் கிழியும் டயரை முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. அதிவேகத்தையும் அது குறைக்காது. 2022-ல் இந்தியாவில் 1,68,491 பேர் சாலை விபத்துகளில் இறந்தார்கள். அவற்றில் பத்தில் ஏழு மரணங்களுக்கு மேல் அதிவேகத்தின் கணக்கில்தான் வருகின்றன.

பழைய காருக்கு கிட் வாங்கலாமா?

வாங்கலாம், இரண்டு விதம் இருக்கிறது. வால்வ் மூடிக்குப் பதிலாகத் திருகும் வெளிப்புற சென்சார் விலை குறைவு, நீங்களே மாட்டிக்கொள்ளலாம், பேட்டரியும் மாற்றலாம். ஆனால் திருடு போகலாம், ஒவ்வொரு முறை காற்று நிரப்பவும் கழற்றி மாட்ட வேண்டும், சரியாகத் திருகாவிட்டால் அதுவே காற்றைக் கசியவிடும். பழைய ரப்பர் வால்வாக இருந்தால் கூடுதல் எடை அதற்குச் சுமை, வால்வை முதலில் மாற்றிவிடுவது நல்லது. டயருக்குள் பொருத்தும் சென்சாரில் இந்தத் தொல்லைகள் குறைவு, செலவு அதிகம். புது டயர் போடும் சமயத்தில் சேர்த்துப் பொருத்தினால் கழற்றும் கூலி மிச்சம்.

நகருக்குள் ஆபீஸ், வீடு என்று மட்டும் ஓட்டுபவர், மாதம் ஒருமுறை தவறாமல் காற்று பார்ப்பவர் என்றால் அவசரம் இல்லை. நல்ல கேஜ் ஒன்று போதும். அடிக்கடி நெடுஞ்சாலைப் பயணம், இரவு ஓட்டம், ஸ்டெப்னி இல்லாத கார், குடும்பத்தில் பலர் மாற்றி மாற்றி ஓட்டும் கார் என்றால் டிபிஎம்எஸ் செலவுக்குத் தகுந்த பொருள். புது காரில் இரண்டு வேரியன்ட்டுக்கு இடையே தயங்கினால், எண் காட்டும் நேரடி வகைக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுக்கலாம்.

விளக்கு எரிந்தால் என்ன செய்வது?

* சட்டென்று பிரேக் அடிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்து, இடது பக்கம் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள்.

* நான்கு டயரையும் சுற்றிப் பாருங்கள். தட்டையாகத் தெரிந்தால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். ஸ்டெப்னி அல்லது ரிப்பேர் கிட்.

* கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தால், மெதுவாக அருகில் உள்ள பங்க்குக்குப் போய் காற்று நிரப்புங்கள். சில நாளில் மீண்டும் எரிந்தால் அது பஞ்சர்தான்.

* வண்டியை ஸ்டார்ட் செய்ததும் விளக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் மின்னி மின்னி, பிறகு நிலையாக எரிந்தால் காற்றுக் குறைவு அல்ல, கருவியில் கோளாறு. அப்போதுதான் சர்வீஸ் சென்டர்.

* மாதம் ஒருமுறை, நீண்ட பயணத்துக்கு முன் ஒருமுறை, டயர் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் கேஜால் அளந்து பாருங்கள். ஸ்டெப்னியையும் மறக்க வேண்டாம், பெரும்பாலும் அதில் சென்சார் இருக்காது.

* பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2321 என்றால் 2021-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. டிபிஎம்எஸ் சொல்லாத வயதை அது சொல்லும்.

உளுந்தூர்பேட்டை அருகே போய்க்கொண்டிருக்கும் அந்த காருக்கு டிபிஎம்எஸ் தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது. சென்னைக்கு இன்னும் சுமார் 200 கி.மீ. இருக்கிறது, அதற்கு முன்னால் பங்க்குகளும் நிறைய இருக்கின்றன. ஏதாவது ஒன்றில் ஐந்து நிமிடம் நிறுத்தினால் போதும்.